ஆன்லைன் சந்தையில் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வாங்கவும் விற்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல விற்பனையாளர்களை ஒரே தளத்தில் சேர்த்து நடத்துகிறவர்களுக்காக இந்தப் பக்கம். கைத்தறிப் புடவை, கருப்பட்டி, பித்தளைப் பாத்திரம், பழைய புத்தகம் என்று விற்பது எதுவாக இருந்தாலும் சரி. தனிக்கடையின் தளத்தில் எல்லாமே உங்கள் கையில் இருக்கும். சந்தைத் தளத்தில் நீங்கள் கட்டுவது பாதிதான். மீதியை விற்பனையாளர்கள் எழுதுகிறார்கள், அவர்களே படம் எடுத்துப் போடுகிறார்கள். அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் பயன்படுத்த முடிவது) பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. அதனால் இங்கே அந்த இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தளத்துக்கு மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதாகத் தெரியவில்லையே. இவ்வளவு வேலை தேவையா?

வருகிறார்களா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளோடு வருகிறவரை வழக்கமான புள்ளிவிவரக் கருவிகள் தனியாகக் காட்டுவதில்லை. கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களில் ஒருவராகத்தான் அவர் உங்கள் கணக்கில் இருப்பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பில் இருந்தவை எட்டு வகைகள்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சேர்த்திருக்கிறது. உலக அளவில் ஆறு பேரில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் அம்மாவும், வண்டியிலிருந்து விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருப்பவரும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் தடுமாறுவதும் இதே இடங்களில்தான்.

இன்னொன்றும் உண்டு. சக்கர நாற்காலியில் போக முடியாத கடைத்தெரு, படியேற வேண்டிய ஜவுளிக்கடை, கூட்டத்தில் இடிபட வேண்டிய தீபாவளி சீசன் ஆகியவற்றிலிருந்து தப்பிக்க ஆன்லைனை நம்பி வருகிறவர்கள் இவர்கள். மற்றவர்களுக்கு அது வசதி. இவர்களில் பலருக்கு அதைவிட்டால் வேறு வழி குறைவு.

கண் தெரியாதவர் ஆன்லைனில் எப்படித்தான் பொருள் வாங்குகிறார்?

போனில் ஸ்க்ரீன் ரீடரை ஓட விட்டு வாங்குகிறார். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் என்.வி.டி.ஏ. அல்லது ஜாஸ். என்.வி.டி.ஏ. இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006இல் எழுதத் தொடங்கியது. போனில் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள ஒவ்வொரு பகுதியாகக் குரல் படித்துக்கொண்டே வரும். இரண்டு முறை தட்டினால் அந்தப் பட்டனை அழுத்தியதாகக் கணக்கு. பழகியவர்கள் குரலை மிக வேகமாக வைத்திருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற நமக்கு ஒன்றும் பிடிபடாது. பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்க மாட்டார்கள். தலைப்புக்குத் தலைப்பு தாவுவார்கள். தலைப்பு என்று குறிக்காமல் வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் தாவ வழியில்லை.

கவனிக்காமல் கட்டிய ஒரு பொருள் பக்கத்தில் அவர் காதில் விழுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐ.எம்.ஜி. இரண்டு பூஜ்ஜியம் இரண்டு நான்கு பூஜ்ஜியம் எட்டு, படம். பட்டன். பட்டன். பட்டன். ரூபாய் 1,800 ரூபாய் 1,250. பட்டன்." முதல் பட்டன் விருப்பப் பட்டியல், அடுத்தது பகிர்வு, மூன்றாவது பெரிதாக்கிப் பார்ப்பது. ஐகான் மட்டும் வரைந்து பெயர் வைக்காமல் விட்டதால் எல்லாமே வெறும் பட்டன். 1,800இன் மேல் நீங்கள் போட்ட குறுக்குக்கோடு பெரும்பாலான ஸ்க்ரீன் ரீடர்களின் வழக்கமான அமைப்பில் கேட்காது. எது பழைய விலை, எது இன்றைய விலை என்று அவர் ஊகிக்க வேண்டும். "பழைய விலை", "இப்போது" என்ற இரண்டு சொற்களை மறைவாகவாவது சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

அப்புறம், "கார்ட்டில் சேர்" என்று அழுத்துகிறார். உங்கள் திரையின் மூலையில் பச்சையாக ஒரு செய்தி வந்து மறைகிறது. அவருக்கு ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்துகிறார், மறுபடியும். கார்ட்டைத் திறந்தால் மூன்று குத்துவிளக்கு நிற்கும். அந்தச் செய்தி தோன்றியதும் குரலாகச் சொல்லும்படி அமைக்க நிரலில் தனி வசதி உண்டு, உங்கள் டெவலப்பருக்கு அது சின்ன வேலை.

பார்வைக் குறைபாடு தவிர வேறு யாரை நினைத்துக்கொள்ள வேண்டும்?

பெரும்பாலோர் அணுகல்தன்மை என்றாலே ஸ்க்ரீன் ரீடரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நானும் மேலே அதையே நீட்டிவிட்டேன்.

காது கேளாதவருக்குத் தளத்தில் பாதிப் பிரச்சினைதான். பெரிய பிரச்சினை தளத்துக்கு வெளியே இருக்கிறது, அதைக் கீழே டெலிவரி கேள்வியில் சொல்கிறேன். தளத்துக்குள் பார்த்தால், விற்பனையாளர் பேசிப் போடும் வீடியோவுக்கு வசன எழுத்து வேண்டும். சைகை மொழியே முதல் மொழியாக உள்ளவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. அதனால் ரிட்டர்ன் விதிகளைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள்.

கை நடுங்குபவர், விரல்களை முழுதாக இயக்க முடியாதவர், வாயில் பிடித்த குச்சியால் திரையைத் தொடுபவர் ஆகியோருக்குச் சின்ன பட்டன்களும் இழுத்து நகர்த்துவதும் எதிரி. விலை ஃபில்டரில் இரண்டு முனைகளையும் இழுக்கச் சொல்லாமல், குறைந்த விலை, அதிக விலை என்று இரண்டு கட்டங்களும் பக்கத்தில் இருக்கட்டும். கீழே போகப் போகப் பொருட்கள் வந்துகொண்டே இருக்கும் பக்கங்களும் தொல்லைதான். கீபோர்டில் வருகிறவர் பக்கத்தின் அடிக்குப் போய்ச் சேரவே முடியாது. "உதவி", "தொடர்புக்கு" எல்லாம் அங்கேதானே வைத்திருக்கிறீர்கள்?

நிறம் பிரித்தறிய முடியாதவருக்குப் பச்சைப் புள்ளி இருப்பு உண்டு, சிவப்புப் புள்ளி இல்லை என்றால் விளங்காது. பக்கத்தில் சொல்லாலும் எழுதுங்கள். விழாக்கால விளம்பரங்களில் படபடவென மின்னும் படங்கள் வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்து. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது விதி.

படங்களை விற்பனையாளர்கள்தான் போடுகிறார்கள். விளக்கம் எழுத மாட்டேன் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய?

இதுதான் சந்தைத் தளத்தின் உண்மையான கேள்வி. விற்பனையாளர் எழுத மாட்டேன் என்பதில்லை, நீங்கள் கேட்கிற விதம் அப்படி. பதிவேற்றும் படிவத்தின் அடியில், கட்டாயமில்லை என்ற குறிப்போடு, "மாற்று உரை" என்று ஒரு கட்டம் இருக்கும். சேலத்தில் வெள்ளிக்கொலுசு செய்பவருக்கு அது என்ன என்று எப்படித் தெரியும்? ஒன்று காலியாக விடுவார், இல்லையென்றால் பொருளின் பெயரையே ஐந்து படத்துக்கும் ஒட்டுவார்.

கேள்வியை மாற்றுங்கள். "வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டு, இந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாத வியாபாரி கிடையாது. கடையில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார். கட்டத்தின் பக்கத்திலேயே மைக் வையுங்கள், பேசினால் எழுத்தாகட்டும்.

அதோடு, வாக்கியமாக எழுதச் சொல்வதைக் குறைத்துத் துண்டு துண்டாகக் கேளுங்கள். புடவை என்றால் உடல் நிறம், பார்டர் நிறம், பார்டர் அகலம், முந்தானை, புட்டா உண்டா, ரவிக்கைத் துணி சேர்ந்ததா என்று. பாத்திரம் என்றால் உயரம், வாய் அகலம், எடை, கைப்பிடி எத்தனை. இந்தத் துண்டுகளைக் கோத்து ஓர் அடிப்படை விளக்கத்தைத் தளமே எழுதிவிடலாம். விற்பனையாளர் சரிபார்த்து அனுமதித்தால் போதும். படம் ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது (முன்புறம், பின்புறம், அருகில், உடுத்திய நிலையில்) என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வைத்தால் ஐந்து படங்களும் ஐந்து வேறு விளக்கங்கள் பெறும்.

படத்தைப் பார்த்துத் தானாக விளக்கம் எழுதும் செயற்கை நுண்ணறிவு இப்போது எங்கும் கிடைக்கிறது. வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "சிவப்புப் புடவை அணிந்த ஒரு பெண் சிரிக்கிறார்" என்று அது எழுதும். வாங்குகிறவருக்கு அந்தப் பெண் சிரித்தாரா என்பது வேண்டாம், பார்டர் வேண்டும். விற்பனையாளர் திருத்தாமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

பயனர்களை எழுத வைக்கும் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கென்றே தனி நெறிமுறை இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2015 செப்டம்பரில் வெளியிட்ட ஏ.டி.ஏ.ஜி. 2.0 அது. அதிகம் பேர் படிப்பதில்லை. உங்கள் விற்பனையாளர் படிவத்துக்கு அப்படியே பொருந்தும்.

நல்ல பட விளக்கம் என்றால் எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் கொடுங்கள்.

ஒரு காஞ்சிபுரம் பட்டுப் புடவையை எடுத்துக்கொள்வோம்.

"பட்டுப் புடவை" என்பது விளக்கமே இல்லை. "கண்ணைக் கவரும் பாரம்பரிய அழகு, உங்கள் இல்லத் திருமணத்துக்கு உகந்தது" என்பது அதைவிட மோசம். நேரத்தையும் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி எழுதலாம்: "மயில்கழுத்து நிறப் பட்டு. நாலு விரல் அகல அரக்கு பார்டர், அதில் தங்க ஜரிகையில் கோபுர வரிசை. உடலில் இடைவெளி விட்டு சிறிய ஜரிகைப் புட்டா." இரண்டாவது படத்துக்கு: "முந்தானை விரித்த நிலை. முழுதும் அரக்கு, குறுக்கே ஜரிகைக் கோடுகள், நடுவில் இரண்டு அன்னப் பட்சி." மூன்றாவதற்கு: "ரவிக்கைத் துணி அரக்கு நிறம், ஓரத்தில் மெல்லிய ஜரிகை."

நிறத்தைப் பிறவியிலேயே பார்க்காதவருக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவரும் கல்யாணத்துக்குப் போகிறார். எந்த ரவிக்கைக்கு எது சேரும், சாம்பல் நிறம் எந்த நிகழ்ச்சிக்கு ஆகாது என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். பாதி வயதில் பார்வை போனவருக்கு எம்.எஸ். ப்ளூ என்றால் நிறம் கண்முன் வந்து நிற்கும். "நீலம் 3" என்றால் வராது. நம் ஜவுளிக்கடைகளில் புழங்கும் நிறப் பெயர்கள் நுணுக்கமானவை. மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, கிளிப்பச்சை என்று நிறப் பட்டியலிலேயே வையுங்கள். படத்தில் நிறம் மாறித் தெரிகிறதே என்று பார்வையுள்ளவர்கள் திருப்பி அனுப்புவதும் இதனால் குறையலாம்.

விளக்கம் இரண்டு மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். நெய்த ஊர், ஜரிகையின் தரம், துவைக்கும் முறை எல்லாம் பொருள் விவரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

தமிழில் எழுதினால் ஸ்க்ரீன் ரீடர் படிக்குமா?

படிக்கும். என்.வி.டி.ஏ.யோடு வரும் குரலிலேயே தமிழ் உண்டு, ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் சில வேலைகள் உண்டு.

முதலாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவிக்க வேண்டும். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஆங்கிலம் என்று குறிக்க வேண்டும். ஆங்கிலத் தளத்தை நகலெடுத்துத் தமிழாக்கியவர்கள் இந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் பல நேரம் வாயே திறக்காது.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். விலைப்பட்டியலைப் பாமினியில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதன் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள். "அம்மா" என்று பாமினியில் அடித்த சொல்லை ஸ்க்ரீன் ரீடர் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படிக்கும். யூனிகோடில் இல்லாத தமிழை விற்பனையாளர் ஒட்டினால் படிவமே கண்டுபிடித்து மாற்றித் தர வேண்டும். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்றாவது, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. வாட்ஸ்அப்பில் எழுதுவதுபோல் பொருள் பெயரை எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலக் குரல் அதைப் படிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும், வாங்கத் தோன்றாது.

நான்காவது போஸ்டர். "ஆடித் தள்ளுபடி 30%, ஞாயிறு வரை" என்பது முழுக்க ஒரு படமாக இருக்கும். அந்தச் சேதி பக்கத்தில் எழுத்தாக வேறெங்கும் இருக்காது. அதே சேதி எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

கடைசியாக, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்காக வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே கொக்கியும் உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்துக்குள் "கூ", "ஞீ" எல்லாம் தலையும் காலும் வெட்டுப்பட்டு நிற்கும்.

பணம் கட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுப் போகிறார்கள் என்கிறார்களே. அங்கே என்ன பார்க்க வேண்டும்?

கேப்சா முதலில். வளைந்து நெளிந்த எழுத்தையோ போக்குவரத்து விளக்குப் படங்களையோ காட்டி "நீ மனிதன்தானா" என்று பார்வையற்றவரைக் கேட்பது நியாயமே இல்லை. ஒலி வடிவக் கேப்சா காதும் கேளாத, கண்ணும் தெரியாதவருக்கு உதவாது. பின்னணியிலேயே சோதிக்கும் முறைகள் இருக்கின்றன, அவற்றுக்குப் போங்கள். இணைய அணுகல்தன்மைக்கு டபிள்யூ3சி வகுத்த நெறிமுறையான, 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 உள்நுழைவுக்கு நினைவாற்றல் சோதனையோ புதிரோ மட்டும் வழியாக இருக்கக் கூடாது என்கிறது. கடவுச்சொல் கட்டத்தில் ஒட்ட விடாமல் தடுப்பதும் இதில் மாட்டும்.

ஓ.டி.பி. அடுத்தது. முப்பது நொடியில் செய்தியைத் திறந்து, ஆறு எண்ணைக் கேட்டு, நினைவில் வைத்து, திரும்பி வந்து, ஆறு தனித்தனிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்கிறோம். ஒரே கட்டமாக வையுங்கள், போன் தானாக நிரப்ப அனுமதியுங்கள். நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள ஓர் எளிய வழியும் அதை அழுத்தக் குறைந்தது 20 நொடியும் தர வேண்டும் என்பது நெறிமுறை. ஓ.டி.பி.யின் ஆயுளை வங்கி முடிவு செய்யும், அது உங்கள் கையில் இல்லை. கார்ட்டில் போட்ட பொருட்கள் எப்போது காலாவதியாகும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

யு.பி.ஐ.க்கு க்யூஆர் படத்தை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள். அதே போனில் வாங்குகிறவர் எதை வைத்து ஸ்கேன் செய்வார்? செயலியை நேரடியாகத் திறக்கும் பட்டன் வேண்டும்.

பிழைச் செய்தி: கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் போட்டால் போதாது. "பின்கோடில் 6 எண்கள் வேண்டும், 5 இருக்கின்றன" என்று சொல்லுங்கள், அந்தக் கட்டத்துக்கே அவரைக் கொண்டுபோய் விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பணம் போகும் முன் மொத்த ஆர்டரையும் முகவரியையும் ஒருமுறை காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுங்கள்.

தளத்தில் ஒரு விட்ஜெட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே?

ஆகாது. ஓரத்தில் சின்ன மனித உருவம் போட்ட பட்டன், அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். அந்த வசதிகள் போனிலேயே இருக்கின்றன, தேவைப்படுகிறவர் ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார். பெயரில்லாத பட்டனுக்குச் சரியான பெயரை அதனால் ஊகித்து வைக்க முடியாது, சில நேரம் ஸ்க்ரீன் ரீடரோடு மோதி நிலைமையைக் கெடுக்கும். எந்தத் தளத்தையும் முழுமையாக அணுகத்தக்கதாக்கும் என்று விளம்பரம் செய்த அக்சஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. விட்ஜெட்டுக்குக் கொடுக்கும் பணத்தை உங்கள் டெவலப்பருக்குக் கொடுங்கள்.

எந்தத் தரத்தைப் பின்பற்றுவது?

டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, இரட்டை ஏ நிலை (அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது). எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல், 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உடையாத பக்கம், கீபோர்டிலேயே எல்லாம் செய்ய முடிவது ஆகியவை அதில் முக்கியமானவை. இந்தியாவில் ஐ.எஸ். 17802 என்ற தரமும் இருக்கிறது, இரண்டு பகுதிகளாக வந்தது.

சட்டப்படி கட்டாயமா? நாங்கள் தனியார்தானே?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 46ஆம் பிரிவு அரசு, தனியார் என்று பிரிக்கவில்லை. சேவை வழங்கும் எல்லோரும் மத்திய அரசு வகுக்கும் அணுகல் விதிகளின்படி நடக்க வேண்டும் என்கிறது. மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000க்குக் குறையாமல் 5 லட்சம் வரை.

சட்டம் இருந்தும் விதிகள் வெறும் வழிகாட்டுதலாகவே நடத்தப்பட்டன. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் போக்கு சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆக, தனியார் என்ற காரணம் தாங்காது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விற்கிறீர்கள் என்றால் அங்கே 2025 ஜூன் 28 முதல் மின்வணிகத் தளங்களுக்கு அணுகல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 10 பேருக்குக் குறைவான, ஆண்டு வரவு 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சிறு சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் இது பழைய கதை. டார்கெட் கடையின் தளத்தை எதிர்த்துப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 2006இல் வழக்குப் போட்டது, 2008இல் அந்த நிறுவனம் 60 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது.

விற்பனையாளரே மாற்றுத்திறனாளியாக இருந்தால்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து ஊறுகாய், நகை, தையல் வேலை என்று விற்கும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சந்தைத் தளம் பெரிய வாசல். ஆனால் தளக்காரர்கள் வாங்குகிறவர் பக்கத்தை மெருகேற்றிவிட்டு, விற்கிறவர் பக்கத்தை எக்செல் தாள்போல் விட்டுவிடுகிறார்கள். ஆர்டர் பட்டியலில் வரிசைத் தலைப்புகள் குறிக்கப்பட்டிருக்காது, விற்பனை வரைபடத்துக்குப் பின்னால் எண்கள் இருக்காது, படங்களை வரிசை மாற்ற இழுத்துத்தான் ஆக வேண்டும்.

சேரும் இடத்திலேயே பெரிய தடை இருக்கிறது. வங்கிக் கணக்கு, அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் கேமரா முன்னால் முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்று கேட்கின்றன. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் சிமிட்ட முடியாமல் நிராகரிக்கப்பட்டதும், பார்வையற்றவர்கள் முகத்தைக் கேமராவின் கட்டத்துக்குள் கொண்டுவர முடியாமல் தவித்ததும்தான் மேலே சொன்ன 2025 வழக்கு. உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய வேறு வழிகளும் ஏற்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தளம் வாங்கிப் போட்டிருக்கும் சரிபார்ப்புச் சேவையிடம் இதைக் கேளுங்கள். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைப்பவரை அது ஏற்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

டெலிவரி, ரிட்டர்ன் எல்லாம் எங்கள் வேலையா? அது கூரியர்காரர் பார்ப்பதாயிற்றே.

வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் கிடையாது, உங்களிடம்தான் வாங்கினார்.

காது கேளாதவருக்கு டெலிவரி ஆள் ஐந்து முறை போன் செய்துவிட்டு "வாடிக்கையாளர் எடுக்கவில்லை" என்று குறித்துப் பொருளைத் திருப்பி எடுத்துப் போவார். கணக்கு அமைப்பில் "அழைக்க வேண்டாம், மெசேஜ் அனுப்பவும்" என்று ஒரு தேர்வு வையுங்கள், அது டெலிவரி ஆளின் திரையில் முகவரிக்கு மேலே பெரிதாகத் தெரிய வேண்டும். "கதவைத் திறக்க நேரமாகும், காத்திருக்கவும்" என்பதும் அப்படியே. வாக்கர் வைத்து நடப்பவர் வாசலுக்கு வருவதற்குள் ஆள் போய்விடுகிறார். இந்தத் தேர்வுகளை எல்லோருக்கும் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டினால்தான் என்று கேட்காதீர்கள்.

ரிட்டர்ன் இன்னும் சிக்கல். உடைந்த பகுதியைத் தெளிவாகப் படம் எடுத்துப் போடு, பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடு என்கிறோம். பார்வையற்றவர் தட்டைத் தடவிப் பார்த்து விளிம்பு உடைந்திருப்பதை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார், ஆனால் அதை ஃபோகஸ் செய்து படம் எடுக்க முடியாது. எழுத்தில் சொன்னால் ஏற்று, எடுக்க வரும் ஆள் நேரில் பார்த்துக்கொள்ளும் வழி இருக்க வேண்டும். உதவி எண் மட்டும் வைத்திருக்கும் தளங்கள் சாட்டும் மின்னஞ்சலும் சேர்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஓர் எளிய தளம் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஆறு மாதத்தில் அதை மறந்துவிடுவீர்கள். சலுகையும் புது வரவும் அங்கே வராது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பட்ஜெட் குறைவு.

பணம் கட்டும் பாதையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பணம், கார்ட், பொருள் பக்கம், தேடல், கடைசியாக முகப்பு. எல்லோரும் முகப்பிலிருந்து ஆரம்பித்து அங்கேயே காசைத் தீர்த்துவிடுகிறார்கள். கூடவே விற்பனையாளர் படிவம். அதை இன்று மாற்றினால் நாளை முதல் வரும் பொருட்களாவது சரியாக வரும். பழையவற்றில் அதிகம் விற்பதை முதலில் பாருங்கள்.

காசில்லாமல் இன்றே செய்யக்கூடியது: மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனில் எழுத்து அளவை அதிகபட்சமாக்கிப் பாருங்கள், திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், டாக்பேக்கைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அணைப்பது எப்படி என்று முதலில் தெரிந்துகொண்டு போடுங்கள், பலர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆக்ஸ், வேவ் போன்ற இலவசக் கருவிகளும் உண்டு. நிற வேறுபாடு, விடுபட்ட பெயர்கள் போன்றவற்றைப் பிடிக்கும். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று சொல்லும், அது உருப்படியான விளக்கமா என்று சொல்லாது. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. அதிலும் முதலிடம் மங்கலான எழுத்துக்கு. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து என்ற மோகம் டிசைனர்களை எப்போது விடுமோ.

பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். இலவசமாகச் சோதித்துத் தரச் சொல்லலாமா?

வேலைக்குக் கூலி கொடுங்கள். ஒருவரோடு நிறுத்தாமல் வெவ்வேறு குறைபாடு உள்ளவர்களை அழையுங்கள். "தளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லாயிருக்கிறது என்பார்கள். "500 ரூபாய்க்குள் ஒரு டிபன் கேரியர் வாங்குங்கள்" என்று வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் "அங்கே இல்லை, கீழே" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

நான் வாங்குகிறவன். ஒரு தளம் எனக்கு வேலை செய்யவில்லை. எப்படிப் புகார் செய்வது?

முதலில் தளத்துக்கே எழுதுங்கள், எழுத்தில் இருக்கட்டும். "உங்கள் ஆப் சரியில்லை" என்றால் மன்னிப்புக் கடிதம் மட்டும் வரும். எந்தப் பக்கம், எந்த போன், எந்த ஸ்க்ரீன் ரீடர், என்ன செய்தீர்கள், காதில் என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதினால் டெவலப்பர் அப்படியே எடுத்துச் சரிசெய்ய முடியும். திரையையும் குரலையும் சேர்த்துப் பதிவு செய்து இணைத்தால் இன்னும் நல்லது. ஓ.டி.பி., அட்டை எண் வரும் இடத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள். பதில் வரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமோ மனு கொடுக்கலாம். நீங்கள் தளத்துக்கு எழுதிய தேதியும் நகலும் அப்போது தேவைப்படும்.